வெறும் ஆணி

ஜூன் 2

என் செல்ல டீச்சரம்மாவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நலம். ஃபோனில் நீ பேசுவது என் காதில் ஏறுவதே இல்லை, அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடாதே.

பால்காரர், தையல்காரி, யாரையும் நான் விடுவதில்லை. "என் பேத்தி சிறப்புப் பள்ளி டீச்சராகப் போகிறாள்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. தையல்காரி, "போன வாரமே சொல்லிட்டீங்க பாட்டி"ன்னாள். "இந்த வாரமும் கேளுடி"ன்னேன்.

நாலு வயதில் அம்மாவைப் பறிகொடுத்து என் இடுப்பில் ஏறியவள் நீ. இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. ஆனால் போன கடிதத்தில் உன் எழுத்தே சரியில்லையே. என்ன ஆச்சு? மறைக்காமல் எழுது.

உன் பாட்டி

ஜூன் 9

அன்புள்ள பாட்டிக்கு,

உங்களிடம் மறைக்க முடியுமா?

நான் பயிற்சிக்குப் போகும் வகுப்பில் ஒரு பலகை உண்டு. ஒரு பாதி வீடு, மறு பாதி பள்ளி. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் போட்டோவை வீட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துப் பள்ளிப் பக்கம் ஒட்ட வேண்டும். அதுதான் எங்கள் 'உள்ளேன் டீச்சர்'.

வாலு என்று ஒருவன் இருந்தான். பிறவியிலேயே இதயக் கோளாறு. போன மாதம் இறந்துவிட்டான். அவன் படத்தை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, வீட்டுப் பக்கமே விட்டுவிட்டேன். இப்போது மைனா தன் படத்தை ஒட்டிவிட்டு அவன் படத்தையும் கொண்டுவந்து ஒட்டுகிறாள். ஒட்டிவிட்டு வாசலைப் பார்த்து நிற்கிறாள். அவள் பேசமாட்டாள். நானும் வாசலைப் பார்க்கிறேன் பாட்டி. தினமும் வகுப்பில் ஒரு பிள்ளை கூடுதலாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கல்லூரி மேடம் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க வருகிறார். அதில் தேறினால்தான் சான்றிதழ். என்ன செய்வது என்றே தெரியவில்லை.

உங்கள் பேத்தி

ஜூன் 11

கண்ணே,

உன் கடிதத்தை ரெண்டு தரம் படித்தேன். பேசாத பிள்ளைக்கு மைனான்னு யாரடி பேர் வைத்தது?

யோசிக்காதே. அந்தப் படத்தை எடுத்து அலமாரியில் பூட்டு. கண்ணில் படாவிட்டால் தன்னால் மறந்துவிடும். நீயும் அப்படித்தான். உன் அம்மா படத்தின் முன்னால் நின்று, "அம்மா வா, அம்மா வா"ன்னு கூப்பிட்டபடியே இருப்பாய். தெருவே கண்ணீர் விட்டது. ஒருநாள் நீ தூங்கும்போது கழற்றிப் பெட்டிக்குள் அடியில் போட்டேன். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. அத்தனை சமத்து. சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

தைரியமாக இரு.

பாட்டி

ஜூன் 16

அன்புள்ள பாட்டிக்கு,

நீங்கள் சொன்னபடி பூட்டினேன். வெள்ளிக்கிழமை மைனா பலகை முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வெறும் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கையையே கடித்துக்கொண்டாள். ரத்தம் வந்துவிட்டது. பாடம் அதோடு போச்சு. "படத்தை எடுக்கச் சொன்னது யார்?" என்று மேடம் கேட்டார். என் யோசனைதான் என்றேன். அடுத்த வெள்ளி மறுபடி வருகிறார். அதுதான் கடைசி வாய்ப்பு.

அம்மா படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது நிஜம்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு நானே அதையும் துரத்திவிட்டேன் என்று நினைத்தேன். இனி கூப்பிட்டால் நீங்களும் போய்விடுவீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். சுவரில் வெறும் ஆணி இருந்தது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அதன் மேலேயே அடிப்பார்கள். இன்றைக்கும் நம் வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

கோபத்தில் எழுதவில்லை பாட்டி. மைனா நின்ற இடத்தைப் பார்த்ததும்தான், நான் இன்னும் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

வாலுவின் படத்தை வெளியே எடுக்கப் போகிறேன். வீட்டுப் பக்கமும் இல்லாமல் பள்ளிப் பக்கமும் இல்லாமல், ஜன்னலோரம் அவனுக்கு ஓர் இடம். அவன் செத்துப்போனான், இனி வரமாட்டான் என்று மைனாவுக்குப் படம் வரைந்து சொல்லப் போகிறேன். அவளிடம் அதை யாருமே சொல்லவில்லை.

உங்கள் பேத்தி

ஜூன் 24

என் டீச்சரம்மாவுக்கு,

நீ தேறிவிட்டாய் என்று உன் மாமா என் காதில் கத்திய கத்தலில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மைனா ஜன்னலோரம் போய் அவன் படத்தைத் தொட்டுவிட்டு, தானாகவே வந்து உட்கார்ந்தாளாமே. தையல்காரியிடம் சொல்லப் போனேன். அவள் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்தேன். உன் அம்மா படத்தைக் கவிழ்த்து வைத்ததாகத்தான் நினைவு. இல்லை, நிமிர்ந்தபடி கிடந்தாள். இத்தனை வருஷமும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு.

ஆணி துருப்பிடித்துவிட்டது, வேறு அடிக்கிறேன் என்றான் உன் மாமா. வேண்டாம், அதே ஆணி போதும் என்று நானே ஸ்டூலில் ஏறி மாட்டினேன். மாட்டிவிட்டேனே தவிர, இறங்க முடியவில்லை. நீயாவது, "அம்மா வா"ன்னு கூப்பிட்டாய். பெற்றவள் நான் ஒருதரம்கூட அவளைக் கூப்பிடவில்லையே. கண்ணாடியில் அவள் முகத்தின் மேல் என் கிழமுகம் தெரிந்தது. உன் மாமாதான் கைபிடித்து இறக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா? கதவைத் திறந்தே வைக்கிறேன். செருப்பைக் கழற்றியதும் என்னைத் தேடாதே, நான் அடுப்படியில்தான் இருப்பேன். முதலில் அவளைத் தொட்டுவிட்டு உள்ளே வா.

பாட்டி