அம்மா உயிருக்குப் போராடுவதாக நான் கொடுத்த மனுவை ரத்து செய்யக் கோருதல்

அனுப்புநர்
மா. சகாயராஜ்,
மாதா கோயில் தெரு, கிளியனூர்,
திண்டிவனம் வழி, விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நல அலுவலகம், விழுப்புரம்.

பொருள்: இராணுவக் காவல் பிரிவில் பணிபுரியும் என் மனைவி ஆரோக்கியசெல்வியை அவசர விடுப்பில் அனுப்பக் கோரிய என் மனுவை ரத்து செய்யவும், அவருடன் பணிபுரியும் நாயக் திருமுருகனுக்கு விடுப்பு கிடைக்கப் பரிந்துரைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் சவுரியம்மாள் உயிருக்குப் போராடுவதாகச் சென்ற மாதம் தங்களிடம் மனு கொடுத்தேன். அது பொய். அன்று காலையிலும் அம்மா மூன்று உருண்டை கேப்பைக் களி சாப்பிட்டார்.

2. காரணம் ஒரு போட்டோ. அதில் ரோந்து பைக்கை என் மனைவி ஓட்ட, கெடாரைச் சேர்ந்த மேற்படி திருமுருகன் பின்னால் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அன்று பின்சீட்டில் இருந்தவனும் நான்தான். போதாததற்கு, மனைவிக்கு நான் வறுத்து அனுப்பிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, திருமுருகனும் தின்றுவிட்டு, "அண்ணே, மல்லாட்டை சூப்பரா இருந்துச்சுங்க" என்று போனில் என்னிடமே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் பிள்ளைகுட்டிக்காரர் என்பது தெரியும். தெரிந்தும் எரிந்தது.

3. மனைவி இரண்டு நாள் ரயிலில் பதறியடித்து வந்து சேர்ந்தார். வாசலில் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மனைவி தோள் பையைக்கூட இறக்கவில்லை. "அத்தை சாவக் கெடக்குறாங்கன்னு சொல்லித்தான் என்னைக் கூப்புடணுமாங்க? திருமுருகன் தன் லீவை உட்டுட்டு என் டூட்டியைப் பாத்துக்கினு இருக்காரு. ஞாயித்துக்கெழமை அவர் பொண்ணுக்குக் காது குத்து" என்றார். மறுநாளே திரும்பிப் போய்விட்டார். கெடாரில் அந்தக் காதுகுத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

4. இன்றோடு பத்தொன்பது நாளாக மனைவி என் போனை எடுக்கவில்லை. பொய் எழுதிக் கொடுத்த அதே அலுவலகத்தில் உண்மையை எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீதை அனுப்பினால்தான் பேசுவேன் என்று ஒரே ஒரு செய்தி வந்தது. அவர் குரலைக் கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை ஐயா.

5. ஆகவே என் பொய் மனுவை ரத்து செய்து, அதனால் மனைவியின் வேலைக்குக் குறை வராமல் காக்கவும், திருமுருகனுக்கு விரைவில் விடுப்பு கிடைக்கப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். அவர் ஊருக்கு வந்தால் ஒரு மாதமாவது அந்தப் பின்சீட்டு காலியாக இருக்கும் என்ற நினைப்பும் எனக்கு உண்டு. இனிப் பொய் எழுதக் கூடாது என்பதால் அதையும் எழுதிவிட்டேன். விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து கெடார் வரை அவரை நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். என் பின்னால் உட்காரட்டும், பொறுத்துக்கொள்கிறேன்.

முத்திரை ரசீதுக்காகத் தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
மா. சகாயராஜ்

இடம்: விழுப்புரம்
நாள்: 18.08.2025

நகல்: திருமதி ஆரோக்கியசெல்வி (வாட்ஸ்அப் மூலம், எடுத்துப் பார்த்தால்).