துண்டுக்குள் நீட்டிய ஒரு விரல்

ஆம்பூர்
12-2-39

சிரஞ்சீவி தனகோடிக்கு அப்பா கன்னியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் அப்படியே இருப்பதாக உன் கையெழுத்தில் வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். போன வருஷக் கலவரத்தில் கடைப் பரணில் ஒளிந்திருந்ததாக எழுதினாயே, அதிலிருந்து தபால்காரரைக் கண்டாலே அவள் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். பர்மாவைத் தனியாகப் பிரித்ததும் நேற்றுவரை உள்ளூர்க்காரனாக இருந்த நீ அந்நியனாகிவிட்டாய், அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இங்கேயும் பிரிகிற பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் இந்தியைத் திணிக்கிறார்கள், தமிழ்நாடு தனியாகப் போனால்தான் நமக்கு மானம் என்று ஒருவர் மைதானத்தில் பேசினார், எனக்கு உடம்பு சிலிர்த்தது, கை தட்டினேன். மறுநாள் இன்னொருவர் வந்து, சீமையில் சண்டை மூளப்போகிறது, இந்த நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனால் எல்லோரும் கெடுவோம் என்றார், அதுவும் நியாயமாகப் பட்டது, அதற்கும் தட்டினேன். இன்னா மனுஷன்யா நீ என்று உன் அம்மா சிரிக்கிறாள். அவளோ சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி, பிரிந்தால் உன்னை எந்தப் பக்கம் வைப்பது என்றேன், அடுப்புப் பக்கம்தான், வேற யாரு ஆக்கிப் போடுவா என்கிறாள்.

வெள்ளிக்கிழமை நம் தோல் மண்டியில் ஆட்கள் இரண்டு கட்சியாகி வேலையே நின்றுவிட்டது. முதலாளி அதாவுல்லா சாகிபு, ஜாஸ்தி பேச வேணாம், துண்டைப் போட்டுப் பார்த்துடலாம் என்றார். தோல் விலை பேசுகிற மாதிரியே துண்டுக்கு அடியில் அவர் கையைத் தொட வேண்டும், பிரிவதென்றால் ஒரு விரல், சேர்ந்திருப்பதென்றால் முழுக் கை. உன்னை நினைத்து முழுக் கை என்றுதான் போனேன். ஆனால் சந்தை சந்தையாகத் தோல் வாங்கியவன் முதல் பிடியிலேயே மனசைக் காட்டுவானா, குறைந்த விலைக்கு விரலைப் பிடித்து, எதிராளி அழுத்தினால்தானே ஏற்றுவான். கை தானாக ஒரு விரலை நீட்டிவிட்டது, அவர் அழுத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சேர்ந்திருக்கும் கட்சிதான் ஜெயித்தது, வேலையும் நடக்கிறது. சாயந்திரம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று சாகிபிடம் போனேன். டீ கொடுத்துவிட்டு, வீட்ல உருது பேசுறோம், எங்க பாட்டன் முப்பாட்டன்லாம் இந்த மண்ணுலதான் கீறாங்க, பிரிஞ்சா நான் எந்த ஊர்க்காரன் கன்னியப்பா என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பழக்கத்தில் நீட்டிவிட்டேன் என்று சொல்லப் போனவன், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பழக்கம்தானா, முதல் நாள் கை தட்டிய மனசும் அதில் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லையடா.

வேளைக்குச் சாப்பிடு. மறுபடி கலகம் என்று காதில் விழுந்தால் சாமான்களைப் பார்க்காமல் கப்பல் ஏறிவிடு. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பதில் எழுத மறக்காதே. நீ எந்த ஊர்க்காரன் என்று அங்கே உன்னையும் கேட்டிருப்பார்கள், என்ன சொன்னாய் என்று எழுது. சாகிபு தினமும் என் எதிரில்தான் உட்காருகிறார், நீ எழுதுவதையாவது அவருக்குச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கன்னியப்பன்