சாயக் கையும் ஆக்சிமீட்டரும்

செப்டம்பர் 9, 2024

ஏழாம் வகுப்பில் இன்று அளக்கும் கருவிகளின் ஆங்கிலப் பெயர்கள். தெர்மோமீட்டர், பாரோமீட்டர், ஸ்பீடோமீட்டர், ஹைக்ரோமீட்டர். ‘மெட்ரான்’ என்றால் கிரேக்கத்தில் அளவு. அந்த வால் ஒட்டியிருந்தால் ஏதோ ஒன்றை அளக்கிறார்கள், எதை என்பது முன்பாதியில் இருக்கும் என்றேன். திருதிருவென்று முழித்தார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினேன். சாயப்பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி என்ன, போகவா போகிறது? இந்த வாரம் மயில்கழுத்து நிறம். முழங்கை வரை நீலம்.

“எனக்கும் ஒரு மீட்டர் தெரியும் டீச்சர். மூஞ்சோமீட்டர். உன் மூஞ்சியப் பார்த்தாலே சோறு இருக்குதா இல்லியான்னு காட்டிடும்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார், உடனே இருமல். டாக்டரிடம் போங்க என்று எத்தனை தடவைதான் சொல்வது?

செப்டம்பர் 22

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் அகப்பட்டது. என் விரலில் 98. அவர் விரலில் 86. பதறிவிட்டேன்.

“சாயக் கைம்மா இது. அந்த மிஷினு வெளிச்சம் எப்டி உள்ள போவும்?” என்றார்.

கூட வேலை செய்யும் மாணிக்கவாசகம் அண்ணனும் அதையே சொன்னார். “கொரோனா அப்ப வூடு வூடா வந்து மாட்டினாங்களே, எங்க யாருக்குமே சரியா காட்டல. பச்ச போட்ட அன்னிக்கு எனக்கு எழுவது. நான் கல்லு மாதிரி நின்னுக்கினு இருந்தேன்.”

உண்மைதான். பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடுகிறவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. கழற்றி வைத்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 6

மாடியில் துணி காயப்போட ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வயசாகுது டீச்சர் என்கிறார். ஐம்பத்திரண்டு ஒரு வயசா?

அக்டோபர் 17

ஆஸ்பத்திரி.

பட்டறையில் மயங்கி விழுந்துவிட்டார். அண்ணன்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். நர்ஸ் விரலில் மாட்டியதும் 79. நான் முந்திக்கொண்டு, “சாயக் கைங்க, தப்பா காட்டும்” என்றேன். அந்தப் பெண் காது மடலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். காதில் சாயம் ஏது? அங்கேயும் 79.

நுரையீரல் கெட்டியாகிப் போயிருக்கிறதாம். இனி பழையபடி ஆகாதாம். “ரொம்ப நாளாவே கம்மியா இருந்திருக்கும். கவனிக்கலையாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

கவனிச்சேனே. பயந்துபோய் எடுத்து மாட்டிப் பார்த்தேனே. எண்பத்தாறுன்னு பளிச்சுன்னு காட்டுச்சே — நாங்கதானே நம்பல.

அக்டோபர் 25

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள். குழாயில் இழுத்தால் உள்ளே இருக்கும் பந்து மேலே ஏற வேண்டும். ஸ்பைரோமீட்டர்.

“இதுவும் உன் ஜாதிதானா டீச்சர்?”

பின்பாதி கிரேக்கம், முன்பாதி லத்தீன், மூச்சு என்று அர்த்தம் என்றேன். வாயில் வைத்து இழுத்தார். பந்து அசையவில்லை. என்னைப் பார்த்தார். கொஞ்சம் அசைந்தது என்று சொன்னேன்.

நவம்பர் 14

வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், இரவும் பகலும் ஓடுகிறது. அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

டிசம்பர் 3

பட்டறைக்குப் போகாததால் கைச் சாயம் எல்லாம் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையை இப்படிப் பார்த்ததே இல்லை. வெளுத்துப்போய், யாருடைய கையோ மாதிரி இருக்கிறது.

நகம் மட்டும் இன்னும் நீலம். தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.

“வுடு டீச்சர்... அது போவாது” என்றார். அதற்குள் மூச்சு வாங்கியது.

அது சாயமே இல்ல, மூச்சு பத்தாத நீலம். அய்யோ, எத்தன நாளா சாயத்துக்கு அடியில இது இருந்துச்சோ?

மார்ச் 12, 2025

மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் புது ஆள். மீட்டரைப் பார்த்தார், கையிலிருந்த கருவியைப் பார்த்தார், திரும்பவும் மீட்டரைப் பார்த்தார். மிஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு என் ஒருத்திக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன். வேறென்ன ஓடும்?

“போன தடவ ஏகத்துக்கு ஓடிக்குது. இந்தத் தடவ ஒன்னுமே ஏறல. மீட்டர் ஏதும் கெட்டுப் போச்சாம்மா?”

இல்லை, சரியாகத்தான் காட்டுகிறது என்றேன்.