நாடாவில் அறுந்த ஐந்து அங்குலம்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நம் முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர். நான், நம் மகள் ஸஹ்ரா, மாதம்பையிலிருந்து வந்து தங்கியிருக்கும் உங்கள் உடன்பிறந்த ராத்தா, சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிங்களவர் நந்தன பாஸ். வேறு யாரும் இல்லை. நடுவில் உங்கள் சைக்கிள் நின்றது. பாஸ் சங்கிலிக்கு எண்ணெய் விட்டதும் அந்த வாடை எழுந்தது. உப்புப் படிந்த இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை, உங்கள் சட்டைக் கைகளில் எப்போதும் இருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். புழுதி என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

நீங்கள் இறந்த பிறகு நான் இருந்த இத்தா முடிந்து இன்றைக்கு எட்டாவது நாள். நான்கு மாதமும் பத்து நாளும் உள்ளறையில் இருந்து வெளியே வந்தவளுக்கு வெயில் கூசுகிறது. நடந்தால் கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பு. ஸஹ்ரா பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறாள். பஸ்ஸைக் காத்து நின்று அலுத்துப்போய், வாப்பாவின் சைக்கிளை எடுக்கட்டுமா என்று கேட்டாள். சும்மா நின்று துருப்பிடிப்பதை விட ஓடட்டும் என்றேன். இருக்கையை அவள் உயரத்துக்குப் பதித்துத் தரத்தான் பாஸ் வந்தார்.

பெற்றோல் வரிசைக் காலம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் வரிசையில் கிடந்து வெறும் போத்தலோடு வந்தீர்கள். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு இதை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். கப்பலில் வந்த பழைய ஜப்பான் சைக்கிள். தடித்த டயர், நேரான கைபிடி, முன்னுக்கு ஸ்பிரிங் இல்லாத இரும்புக் கவை. எதிர்வீட்டு மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "என்ன மச்சான், மாட்ட வித்து ஆடு வாங்கியாச்சா?" என்று கேட்டார். "இது புல்லும் கேக்காது, வரிசையிலயும் நிக்காது" என்றீர்கள். ஸ்பிரிங் இல்லையே, முதுகு என்னத்துக்கு ஆகும் என்று நான் கேட்டேன். "உப்புக் காத்துல ஸ்பிரிங் ஆறு மாசம் நிக்காது, புள்ள. இரும்பு வெடிச்சா எந்தப் பட்டறையிலயும் ஒட்டிக்கலாம்" என்றீர்கள். அன்றிலிருந்து உப்பளத்து வேலைக்குப் போய்வந்தது அதில்தான்.

மாதம் ஒருமுறை ராத்தாவைப் பார்க்கப் போவதும் அதில்தான் என்று நீங்கள் சொன்னபோது நான் மறித்தேன். பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. "பஸ்ஸுல ஏறினா நித்திர வரும், இறங்கினா மாதம்பை வரும். நடுவுல ஒண்டுமே இல்ல" என்றீர்கள். பிரதான றோட்டில் லொறிகள் உரசிக்கொண்டு போகும் என்று பயந்து, கால்வாய்க் கரையாலும் தென்னந்தோட்டப் பாதையாலும் போவதாகத் திட்டம். பயணத்துக்குப் பை வேண்டுமென்றீர்கள். தார்ப்பாய்த் துணியில் மூன்று பை தைத்துத் தந்தேன். சட்டகத்தின் முக்கோணத்துக்குள் பொருந்த ஒன்று, இருக்கைக்குப் பின்னால் ஒன்று, கைபிடியில் கட்ட ஒன்று. ராத்தாவுக்கு உப்பு, கருவாடு, வெங்காயம். உங்களுக்கு உடுக்க ஒரு சாரம், தொழுகைப் பாய், டியூப் ஒட்டும் சாமான், சம்பல் வைத்துக் கட்டிய ரொட்டி. மழை வந்தால் இரண்டு மரத்துக்கு நடுவில் கட்ட ஒரு தார்ப்பாய்த் துண்டு. முக்கோணப் பை ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அளவெண்டா இதுதான் அளவு" என்று தட்டிப் பார்த்தீர்கள்.

என் அளவு நாடாவைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னதில்லை. அதன் தொடக்கப் பக்கம் தேய்ந்து இழைபிரிந்து போனதால் ஐந்து அங்குலத்தில் வெட்டிவிட்டேன். ஐந்தில் பிடித்து அளப்பேன், வருகிற எண்ணில் ஐந்தைக் கழிப்பேன். எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகக் கழிக்கும்.

அந்தக் கிழமைதான் தீப்பெட்டி அளவில் ஒரு மீற்றரும் வாங்கி வந்தீர்கள். சக்கரத்தின் சுற்றளவைக் கொடுத்தால்தான் தூரம் சரியாகக் காட்டுமாம். கூட வந்த தாளை நான் எழுத்துக்கூட்டி வாசித்து, நாடாவைச் சக்கரத்தில் சுற்றி, எண்பத்தாறு அங்குலம் என்று கொப்பியில் எழுதி, அதை மில்லிமீற்றராக்கிப் பொத்தானை அமுக்கிப் பதிந்தேன். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து, "பள்ளிக்கூடம் போகாத இஞ்சினியர்" என்றீர்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பயணிக்கு நான்கு ரக்அத் உள்ள தொழுகையை இரண்டு சுற்றாகச் சுருக்க அனுமதி உண்டு. அதற்கு எண்பத்திரண்டு கிலோமீற்றராவது போக வேண்டும் என்று நம் பள்ளிவாசல் மௌலவி சொல்லியிருந்தார். லொறிக்குப் பயந்து சுற்றுப்பாதையால் போனால் அந்தத் தூரம் கணக்கில் வருமா என்றும் நான்தான் கேட்டனுப்பினேன். தொழுகையைக் குறைப்பதற்காகவே சுற்றாவிட்டால் வரும் என்று பதில் வந்தது. முதல் பயணம் முடிந்து நீங்கள் வேலிக் கடப்பைத் தாண்டும்போதே, "ஒரு பக்கம் எண்பத்து நாலு" என்று கத்தினீர்கள்.

"முதல்ல ஸலாத்தச் சொல்லுங்க."

"அஸ்ஸலாமு அலைக்கும், எண்பத்து நாலு."

அதன்பிறகு போகும் நாள் லுஹரும் அஸரும், ராத்தா வீட்டில் இஷாவும், திரும்பும் நாள் லுஹரும் அஸரும் சுருக்கித் தொழுதீர்கள். வந்து சொல்வீர்கள், நான் எழுதுவேன். விட்ட நோன்பு, கொடுத்த நேர்ச்சை, ஓதி முடித்த குர்ஆன் ஜுஸ்உ எல்லாம் எழுதுகிற அதே கொப்பி. ஒரு மழை மாதம் கால்வாய்க் கரை வெள்ளத்தில் போய்விட, பயந்து பயந்து பிரதான றோட்டால் போனீர்கள். மீற்றர் எண்பத்தொன்று காட்டியது. "ஒரு கிலோமீற்றர்தான் குறவு, பாவமில்ல எண்டு மனசு சொல்லிச்சு. நான் கேக்கல்ல. முழுசாத் தொழுதிட்டன்" என்றீர்கள். சேறு முழங்கால் வரை இருந்தது. களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்திருந்தீர்கள். றோட்டோரக் கிலோமீற்றர்க் கற்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்களேன் என்று அன்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"என்னத்துக்கு? மறுமையில கேட்டா நான் உன்ட கொப்பியத்தான் காட்டுவன்."

இப்போது இன்றைக்கு வருகிறேன். பாஸ் வேலை முடித்ததும் ஸஹ்ரா பாலர் பாடசாலை வரை ஓட்டிப் போய் வந்தாள். இறங்கியதும் கைபேசியையும் மீற்றரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம்மா, போன்ல பதினேழு. இதுல பதினெட்டுக் காட்டுது."

"போன் பிழையாயிருக்கும்" என்றேன்.

பாஸுக்கு அது பொறுக்கவில்லை. "இருங்க அக்கா, நான் பாக்கிறது" என்று டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, சிமெந்துத் தரையில் ஒரு சுற்று உருட்டி, தன் இரும்பு டேப்பைப் பிடித்தார். எண்பத்தொன்று. மறுபடி உருட்டச் சொன்னேன். எண்பத்தொன்று. "மீற்றரில எண்பத்தாறு போட்டிருக்கு. யாரு போட்டது? சின்ன புள்ள வேலையா?" என்று கேட்டார்.

உள்ளே போய்த் தையல் மெசின் லாச்சியைத் திறந்தேன். நாடா சுருண்டு கிடந்தது. எண்பத்தாறிலிருந்து ஐந்து போனால் எண்பத்தொன்று. பைகளுக்கெல்லாம் கழித்த கை, சக்கரத்துக்கு மட்டும் கழிக்கவில்லை. சட்டைக்குக் கழிக்கிறோம், பாவாடைக்குக் கழிக்கிறோம். இரும்புச் சக்கரத்தை அளக்கும்போது அது தையலென்று கைக்குத் தோன்றவில்லை போலும். கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். எண்பத்து நான்கு என்று நாம் நம்பியது எழுபத்தொன்பது.

தூரம் பார்த்த முதல் பயணத்தை விட்டால் இருபத்தாறு பயணம். மழைப் பயணத்தைக் கழித்தால் இருபத்தைந்து. பயணத்துக்கு ஐந்து தொழுகை. நூற்றிருபத்தைந்து. நான்கு தொழ வேண்டிய இடத்தில் இரண்டு தொழுதிருக்கிறீர்கள், என் எண்ணை நம்பி.

பாஸ் போன பிறகு இருவரிடமும் சொன்னேன். ஸஹ்ரா என் தோளைப் பிடித்து, "உம்மா, அல்லாஹ் டேப் பிடிச்சா அளக்கிறான்? வாப்பாக்குத் தெரியாதே" என்றாள். அப்படிப் பேசாதே என்று அதட்டினேன். பிறகு அதட்டியதற்காக வருந்தினேன். ராத்தா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"எனக்கு உப்புக் கொண்டுவந்த புள்ள. என்னப் பாக்க வந்ததுக்கு அவன்ட்டக் கேள்வி கேட்டா, நான் போய் நிண்டு பதில் சொல்றன்."

"அங்க ஆளுக்கு ஆள் பதில் சொல்ல ஏலாது, மதினி."

"அப்ப நீ மட்டும் என்னத்துக்கு அவன்ட தொழுகைக்கு அழுறாய்?"

நான் கொப்பியை மூடி வைத்தேன். அவரும் பிறகு அழுதார்.

உங்களுடைய விட்ட நோன்புகள் எட்டு இருந்தன. இத்தாவில் இருந்தபடியே அவற்றை உங்களுக்காகப் பிடித்து முடித்தேன். நோன்பை இறந்தவரின் உறவினர் பிடிக்கலாம் என்று கிதாபில் வாசித்திருக்கிறேன். ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அழித்தபோது, உங்களிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்து அன்றைக்குத்தான் கொஞ்சம் நித்திரை கொண்டேன். தொழுகை அப்படியல்ல. ஒருவருக்காக இன்னொருவர் தொழுது தீர்க்க முடியாது என்றுதான் நான் வாசித்ததெல்லாம் சொல்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பேன். திட்டியிருப்பீர்கள், அல்லது சிரித்திருப்பீர்கள், பிறகு ஒரு நாளைக்கு ஐந்தென்று ஒரு மாதத்துக்குள் தொழுது முடித்திருப்பீர்கள். ஆனால் ஒரு விடியலில், சுபஹுத் தொழுத பாயிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். எனக்குக் கழிப்பதற்கு நேரம் தரவில்லை.

இன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, உங்கள் குறைக்காக இரண்டு இரண்டாகத் தொழுது பார்த்தேன். செல்லுமோ செல்லாதோ தெரியாது. பத்து ரக்அத்தில் முழங்கால் மடங்க மறுத்தது. மிச்சத்தைக் கதிரையில் இருந்து தொழுதேன். எவ்வளவு தூரம் போகப் போகிறேன் என்று தெரியாமல் மிதிப்பது போலிருக்கிறது. நீங்கள் எதிர்க்காற்றில் கால்வாய்க் கரையால் வந்த மாலைகளில் கால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அப்போது நான் கேட்டதில்லை. தூரத்தை மட்டும்தான் கேட்டு எழுதினேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அது உங்களை வந்து சேருமா என்பதும் எனக்குத் தெரியாது. கொப்பியில் பழைய எண்களை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் சரியான எண்களைச் சிவப்பு மையால் எழுதி, பிழை என்னுடையது, அவருடையது அல்ல என்று கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் காட்டுவதாகச் சொன்ன கொப்பி அதுதான். அப்படியே காட்டுங்கள்.

மௌலவிக்கு ஒரு தாள் எழுதி உறையில் போட்டிருக்கிறேன். ஸஹ்ரா காலையில் வேலைக்குப் போகும்போது பள்ளிவாசலில் கொடுப்பாள். அதில் எழுதியது இவ்வளவுதான்:

"என் கணவர் நான் அளந்து சொன்ன தூரத்தை நம்பி நூற்றிருபத்தைந்து தொழுகைகளைச் சுருக்கித் தொழுதார். அளவு பிழை. அவர் மௌத்தாகிவிட்டார். அவர் தொழுதவை ஏற்கப்படுமா? இல்லையென்றால் அந்தக் குறை அவர்மீதா, என்மீதா? அவருக்காக நான் செய்யக்கூடியது என்ன? எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் சொல்லுங்கள், செய்கிறேன். எனக்கும் வயது போகிறது. தயவுசெய்து இந்தக் கிழமைக்குள் பதில் தாருங்கள்."