டிரைவரோடு ஒரு படகு

செவ்வாய், ஐப்பசி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.
மரக்காணத்தில் முதலாளியின் உல்லாசப் படகுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தாயிற்றாம். சோபா, மீன்தொட்டி எல்லாம் இறக்கிவிட்டார்கள். மேல்தளத்தில் துப்பாக்கி நிறுத்த இரும்புச் சட்டம். சண்டை முடியும்வரை கடற்படை ரோந்துக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். என் வீட்டுக்காரர் அதில் ஏழு வருடமாக என்ஜின் டிரைவர். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார் என்றுதான் இருந்தேன்.
சாயங்காலம் போன். "கலா, என்னையும் சேத்துத்தான் எடுத்துக்கினாங்க. சனிக்கிழமை கெளம்பணும்."
போன வாரம், படகை ஒப்படைக்க இவரிடம் கொடுத்த படிவத்தை நிரப்பியது நான்.

புதன்
வேலை ஓடவில்லை. திண்டிவனத்தில் டிராக்டர் வாடகை ஆபீஸ். நாள் முழுக்க எழுதுவது ஒன்றுதான்: வண்டி, டிரைவரோடு. டிராக்டரோ அறுப்பு மிஷினோ, டிரைவர் இல்லாமல் எங்கள் ஊரில் யார் அனுப்புவார்? அதே பழக்கத்தில் படகுப் படிவத்திலும் 'ஓட்டுநருடன் / ஓட்டுநர் இல்லாமல்' என்ற இடத்தில் முதலாவதில் டிக். நீட்டினேன், இவர் கையெழுத்துப் போட்டார். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

வியாழன்
லீவு. விழுப்புரம் பஸ், நின்றுகொண்டே. பக்கத்தில் ஒருத்தி போனில், "மல்லாட்ட எல்லாம் நனைஞ்சிப் போச்சி, ஒரே பேஜாரு." வேர்க்கடலைதான் அவள் கவலை; அவள்மேல் பொறாமை.
படிவத்தை வாங்கிக்கொண்ட ஆபீஸில் கண்ணாடி போட்ட அம்மா பொறுமையாகக் கேட்டார். "பரவால்லம்மா. இந்தத் திருத்த மனுவுல அவரு கையெழுத்து வாங்கி நாளைக்குக் குடுத்துடுங்க. வேற டிரைவரப் போட்டுக்குவாங்க." அங்கேயே அழுதுவிட்டேன்.
வாங்கியது: கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு, புளி.
ஏழு மணிக்கு இவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டதும் மனுவை நீட்டி, தப்பு என்னுடையது என்றேன். மடித்து என் பக்கமே தள்ளினார்.
"நீ ஒண்ணும் தப்பா எழுதல. நான் படிச்சிட்டுத்தான் போட்டேன்."
"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?"
"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"
மூன்று நாளாக என்னையே திட்டித் தீர்த்தேன். அதுவே தேவலாம். இப்போது அவர்மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. பயம் அதைவிட.

வெள்ளி
மழை விட்டது. அவர் காலையிலேயே மரக்காணம் போய்விட்டார். நாளைக்குப் படகு கிளம்பும் முன் ஒரு வாட்டி வந்து பார் என்றார். தலையாட்டினேன்.
விழுப்புரம் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.
அவர் எப்போதும் கடலில். பிள்ளைகள் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை இத்தனை வருடம் போட்டது நான்தான். டீச்சர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.
மனு பையில் இருக்கிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். கையெழுத்து அச்சு அசல் அவருடையதுதான்.