எட்டு மாதம் குறைத்து வைத்த சத்தம்

கடையை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன். அதற்காக இன்று காலை பரணை ஒழித்தபோது, பழைய கீபோர்டுகளுக்கு அடியில் உன் ஹெட்போன் கிடைத்தது. காதுறையின் கறுப்புத் தோல் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். நீ தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் காறலாக இன்னும் மணக்கிறது. ஒயர் அறுந்துவிட்டது என்று சரிசெய்யக் கொடுத்தாய். நீ செத்த அன்று அது என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீ கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தாய். நான் வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். ஞாயிறானால் ஸ்ரீவைகுண்டத்தில் உன் வீட்டு மாடி அறையில் இருப்போம். சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னலுக்குப் பழைய மெத்தையை அண்டக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு லேப்டாப்பில், ஆயிரம் பேர் ஆடுவதற்கான இசையைச் செய்தோம். அந்த இசைக்கு ட்ராப் என்று நீ முதலில் பெயர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வெளிநாட்டுல பெரிய பெரிய திடல்ல போடுதானுவல்லா, அதாம்லே. நம்மூருக் கோயில் கொடைக்கு நாம செய்வோம்" என்றாய்.

அடியில் நெஞ்சை உதைக்கும் பாஸ் என்கிற கனத்த அதிர்வு. மேலே ஹை-ஹாட் என்கிற சின்னத் தகட்டுச் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் விட்டுவிட்டுச் சிதறும். நடுவில் கொம்புகளின் பிளிறல். அதற்கு முன்னால் மெல்ல ஏறிக்கொண்டே போகும் ஓர் இரைச்சல் வேண்டும் என்று அணைக்கட்டு மதகுக்குப் போய், வயிற்றை மதிலில் வைத்துக் குனிந்து, தண்ணீர் விழும் சத்தத்தைப் போனில் பிடித்தாய். நீ விழுந்துவிடாமல் உன் பெல்ட்டை நான் இழுத்துப் பிடித்திருந்தேன். அந்த இரைச்சல் உச்சிக்குப் போனதும் ஒரு நொடி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாய். பிறகுதான் பாஸ் விழும். "அந்த ஒரு நொடியிலதாம்லே சனம் மூச்ச இழுக்கும். மூச்ச இழுக்க விடாம அடிச்சா எவன் ஆடுவான்?"

சாத்தான்குளம் பக்கம் ஒரு மதியக்கொடை. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு நேர் முன்னால் நின்றாய். உன் சட்டை படபடத்தது. காதில் அடைக்கப் பஞ்சு கொண்டுவந்து நீட்டினேன். "பாஸைக் காதால கேக்கக் கூடாதுலே, நெஞ்சால கேக்கணும்" என்று பஞ்சை என் சட்டைப் பையிலேயே திணித்தாய். திரும்பும்போது வேனில் என் பக்கம் சாய்ந்து கேட்டாய்.

"காதுக்குள்ள சில்வண்டு கத்துத மாதிரியே இருக்கு. மூணு நாளா நிக்கல. உனக்கும் இருக்கா?"

"எல்லாவனுக்கும் இருக்கும். நல்லா உறங்கு, சரியாயிரும்" என்றேன்.

எனக்கு இல்லை. ஆனால் மறுநாள் வேறொரு ஊரில் கொடை இருந்தது. அவர்கள் நோட்டீஸில் நம் பெயரைப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நீ செய்து அனுப்பிய பாட்டுகளில் ஹை-ஹாட் கூர்மையாகிக்கொண்டே போனது. முதலில் புதுப் பாணி என்று நினைத்தேன். பிறகு கேட்கவே முடியவில்லை, பல் கூசியது. மாடி அறையில் வைத்து, "தகட்டைக் கொஞ்சம் குறைலே, ஊசி வச்சுக் குத்துது" என்றேன்.

"எங்கன குத்துது? எனக்கு அது அமுங்கிப் போயில்லா கேக்குது. உனக்குத்தான் காதுல கோளாறு."

"நாளைக்குச் சனம் காதப் பொத்திக்கிட்டு ஓடும், பாத்துக்க."

"அப்பம் நீயே செய்யி. நான் செய்யல." லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே போனாய். உன் அம்மா கொண்டுவந்த காப்பியை நான் தனியாகக் குடித்தேன்.

அந்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விழா. உன்னிடம் சொல்லாமல் உன் பாட்டைத் திறந்து தகட்டுச் சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, அதைத்தான் போட்டேன். பிள்ளைகள் துள்ளினார்கள். நீ என் தோளில் கைபோட்டு, "பாத்தியா? ஒண்ணையும் குறைக்கல. எவனாவது காதப் பொத்துனானா?" என்றாய்.

உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீ செய்த பாட்டு உனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த இடத்திலேயே உன்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த பாட்டைப் போட்டேன்.

எட்டு மாதம் அப்படித்தான் நடந்தது. நீ அனுப்புவாய், நான் குறைப்பேன். உன்னுடையது ஒரு கோப்பு, நான் திருத்தியது ஒரு கோப்பு. இதற்குள் போனை வலது காதுக்கே கொண்டுபோகப் பழகியிருந்தாய். பைக்கில் பின்னால் இருந்து நான் பேசினால் "ம்" என்று மட்டும் சொல்வாய். ஒருமுறை உன் இடது பக்கம் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ வாழைத் தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். டாக்டரைப் பார் என்று சொன்னால் நீ இசையையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன். உனக்காகத்தான் பயந்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நீ இல்லாவிட்டால் நான் வெறும் ரிப்பேர்க்காரன். பயம் அதுதான்.

ஆவணியில் ஒரு காலை, வேலைக்குப் போக கங்கைகொண்டானில் பஸ்ஸை விட்டு இறங்கி நாற்கரச் சாலையைக் கடந்தாய். லாரி அடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை எடுத்துப் போய்விட்டார்கள். சாலையோரம் உன் சாப்பாட்டுத் தூக்கு உருண்டு கிடந்தது. டீக்கடை அண்ணாச்சி சொன்னார்: "லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் தம்பி. அந்தப் புள்ளைக்கும் கேட்டுருக்கு. ஆனா வலது பக்கம்லா திரும்பிப் பாத்தான். வண்டி இடது பக்கமிருந்துல்லா வந்துச்சு."

ஒரு காது போனவனுக்குச் சத்தம் வரும் திசை தெரியாது. உன் இடது காது போயிருந்ததை அங்கே நின்றவர்களில் நான் ஒருவன்தான் அறிவேன்.

ஊர் வேறு கதை சொன்னது. பாட்டுச் செய்கிறவன், ஹெட்போனை மாட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்திருக்கிறான் என்றது. பதினாறாம் நாள் உன் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு உன்னை ஏசினாள். "எத்தன மட்டம் சொன்னேன், அந்த எழவ காதுல மாட்டாதேன்னு! கேட்டியா? பாவி, கேட்டியா?" உன் அப்பா மாடி அறையில் இருந்த பாக்ஸ்களை முற்றத்தில் போட்டுக் கடப்பாரையால் உடைத்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெட்போன் என்னிடம் இருக்கிறது என்று சொன்னால், பிறகு ஏன் அவனுக்குக் கேட்கவில்லை என்று கேட்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வந்து அதைப் பரணில் போட்டேன்.

இன்று கடையை அப்படியே பூட்டிவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினேன். உன் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா முன்பைவிட மெலிந்திருக்கிறாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஒன்றும் மாட்டிக்கொண்டு போகவில்லை என்றும், உன் இடது காது போயிருந்தது என்றும் சொன்னேன்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"அவன் போறதுக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடியே தெரியும்மா."

முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். நான் அடியை எதிர்பார்த்து நின்றேன்.

"அப்பம் அவன் மாட்டிக்கிட்டுப் போகலையா?"

"இல்லம்மா."

"ரெண்டு வருசமா காலைல எந்திச்சதும் அவன் படத்த பாத்து ஏசிக்கிட்டுல்லா இருக்கேன். சொன்ன பேச்சு கேக்காத பயலேன்னு." முந்தானையால் முகத்தை மூடினாள். "செத்த புள்ளைய, ஒரு தப்பும் செய்யாதவன, தினமும் ஏசிருக்கேனே ஐயா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே உன் படத்துக்கு முன்னால் நின்று அவள் உன்னிடம் பேசுவது கேட்டது. கெஞ்சுகிற குரல். என்ன சொன்னாள் என்று காது கொடுத்துக் கேட்க எனக்குத் துணிவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இதைப் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். உன் அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டு வருடமாக எனக்கு வர வேண்டிய ஏச்சையெல்லாம் உன் படம் வாங்கிக்கொண்டது. நாளை முதல் அவள் உன்னை ஏச மாட்டாள். அவள் விட்டதை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும், அவள் வார்த்தைகளிலேயே, என்னை நான் ஏசிக்கொள்வேன்.