வடகத்தோடு காய்ந்த ரீடு

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவசங்கரிக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் நலம். கடல் தாண்டி லியோனில் நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம் என்றால் மாடியில் சாக்சபோன் கத்துகிறது. உங்கப்பா சௌக்கியமாக இருக்கிறார் என்று நான் தனியாக எழுத வேண்டியதே இல்லை, ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கே அது தெரிந்துவிடும். மாசி மகத்துக்கு நாங்கள் ரெண்டு பேரும் வரலாமா, அப்பா அவரை வீட்டுக்குள் விடுவாரா என்று போன வாரம் போனில் கேட்டாய். நான் ம் ம் என்று மழுப்பினேன். நீ பேசுகிறாய் என்று தெரிந்தால் போதும், இவர் பக்கத்து அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், காதெல்லாம் இங்கேதான். அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சாக்சபோன் வாசிக்கிறவர் என்பதற்காக உன் கல்யாணத்தின்போது இவர் குதித்த குதி உனக்கு மறந்திருக்காது. ஊதறவனுக்கா எம்பொண்ணு, பேண்டு செட்டுக்காரனா எனக்கு மருமவன் என்றாரே, அந்த மகராசர்தான் செராமிக் கம்பெனியில் ரிட்டையர் ஆன கையோடு சேத்தியாத்தோப்புக்குப் போய், கலைந்துபோன ஒரு பேண்டு செட்டில் பழைய சாக்சபோன் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நீ கைக்குழந்தையாக இருந்தபோதுகூட உன்னை அவ்வளவு பதமாக அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. எதுக்குங்க இது என்று கேட்டேன். சும்மாதான், பொழுது போவணும்ல என்றார். பொழுது போக இந்த ஊரில் டீக்கடைக்கா பஞ்சம்?

வாத்தியார் வேண்டாமாம். பெரிய பெரிய ஆளுங்க வாசிக்கறதக் கேட்டுக்கிட்டே இருந்தா போதும், காது பழகிட்டா வெரலு தானா வரும் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மொபைல் கடைத் தமிழ்மணிதான் அமெரிக்க ஜாஸ்காரர்கள், நம்மூர்க் கச்சேரி வித்துவான்கள், கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் என்று ஒரு படையையே அவர் போனில் ஏற்றிக் கொடுத்தான். காபி குடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஒரு துண்டு கேட்பார், நிறுத்துவார், அதையே ஊதுவார், மறுபடி முதலிலிருந்து. அந்த வித்துவான்கள் வாசித்தால் கல்யாணி ராகம் வந்து எதிரில் நிற்கிறது, இவர் ஊதினால் பக்கத்து வீட்டுக் கனகா வந்து நிற்கிறாள். யாரு வூட்டுலக்கா மாடு கன்னு போடுது, ஒத்தாசைக்கு வரட்டுமா என்று கேட்டாள். ஜாஸ்காரர்களைக் கேட்டுவிட்டு, எங்கெங்கயோ சுத்தறானுங்க, ஆனா கரெக்டா வூடு வந்து சேந்துடறானுங்க பாரு என்று வியந்துபோவார். நீங்க எப்பங்க வூடு வந்து சேரப் போறீங்க என்று கேட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

சித்திரையில் நடந்த கூத்தையும் கேள். வாயில் வைக்கிற இடத்தில் நாணல் சீவல் போல ஒன்று இருக்கிறதே, ரீடு, அதை நனைத்துத்தான் ஊத வேண்டுமாம். கோயிலில் நாயனக்காரர் சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த மனுஷன்தான். ஆனால் ஆயுசெல்லாம் சூளையோடு கிடந்த புத்தி சும்மா இருக்குமா? ஈரத்தோட உள்ள வெச்சா வெடிச்சிடும், எதுவா இருந்தாலும் நல்லா காஞ்சிருக்கணும் என்று மொட்டைமாடியில் என் வடகத்துக்குப் பக்கத்தில் அதைக் காயப் போட்டுவிட்டார். பச்சை மண் குவளை காயாமல் சூளைக்குள் போனால் வெடிக்கும், சரி, இது என்ன குவளையா? சாயங்காலம் போய்ப் பார்த்தால் வடகம் அருமையாக வந்திருந்தது, ரீடு முறுக்கிக்கொண்டு கிடந்தது. சென்னைக்குச் சொல்லி வேறு வாங்கி வரும்வரை தெருவே நிம்மதியாகத் தூங்கியது.

இனி நான் செய்த தில்லுமுல்லைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மாப்பிள்ளை சாக்சபோன் வாசித்தது என்று எனக்கு வாட்சப்பில் ஒன்று அனுப்பினாயே, அதைத் தமிழ்மணியிடம் கொடுத்து, பேரே போடாமல் அந்த வித்துவான்களுக்கு நடுவில் நுழைத்துவிட்டேன். மறுநாளே இவர் சமையலறைக்கு வந்து, மத்தவங்கள்லாம் வித்த காட்டறாங்க சந்திரா, இதுல ஒருத்தரு மூச்சு வுடறாரு, யாரோ பெரிய ஆளு போலருக்குது என்றார். சிரிப்பை அடக்க மாட்டாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் அந்தப் பெரிய ஆளுதான். இவரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போனில் சத்தமாக மாப்பிள்ளை வாசித்ததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சாக்சபோன் மூலையில் கிடந்தது. மாப்பிள்ளை வாசித்து முடித்தார். நான் அதைக் கடைசி வரை கேட்டதே இல்லையடி, எனக்கு அந்தப் பொறுமை ஏது. முடிந்த பிறகு உன் குரல் வருகிறது, ஏங்க, சோறு ஆறுது, வாங்க என்று. இவர் விரலால் பின்னால் தள்ளி அந்த இடத்தை மட்டும் மறுபடி வைத்தார். மறுபடியும் சோறு ஆறுது. மறுபடியும் வைத்தார். முதல் நாளிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. தெரிந்தேதான் பெரிய ஆளு என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார், நான் எப்படியும் உன் காதில் போடுவேன் என்று. ஏமாந்தவள் நான்தான். நான் நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுக்குத் தொண்ட கட்டியிருக்குது, என்னன்னு கேளு என்றார். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான் கண்ணு. நான் அடுப்பில் குழம்பு இருக்குது என்று சொல்லிக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அது போன வருஷக் குளிரில் எடுத்தது, உன் தொண்டை எப்போதோ சரியாகியிருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

டிக்கெட் போடு, ரெண்டு பேருக்கும். வரும்போது மாப்பிள்ளையை நல்ல ரீடாக வாங்கி வரச் சொல். அதை வெயிலில் காய வைக்கக் கூடாது என்பதையும் அவரே நேரில் சொல்லட்டும், நான் சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே ஓடாதே. வேளைக்குச் சாப்பிடு. பழமலைநாதர் உங்கள் ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இதோடு வரும் பார்சலில் பனங்கல்கண்டு இருக்கிறது, மறக்காமல் பாலில் போட்டுக் குடி. வெயிலில் கடைக்கு நடந்து போய் வாங்கி வந்தது நான் இல்லை.

உன் அம்மா
சந்திரலேகா